ஆர்சி பக்கியின் சஸ்பென்ஷனைச் சரிசெய்வது: ஷாக்கைக் கழற்றுவதில் தொடங்கி வளைவில் பிடிப்பு வரை

ரிமோட்டில் ஓட்டும் நம் மண்தரைக் கார், அதாவது ஆர்சி பக்கி, குதித்து இறங்கும்போது அதன் மூக்கு தரையில் குத்துகிறது. வளைவை விட்டு வெளியே வரும்போது பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகிறது. கரடுமுரடான நேர்ப்பாதையில் வண்டி வெட்டுக்கிளி மாதிரி துள்ளுகிறது. இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் நம் கை தானாகப் போய் ஒரு புது ஸ்பிரிங் செட்டுக்கு ஆர்டர் போட்டுவிடும். கொஞ்சம் பொறுங்கள். இப்போது மாட்டியிருக்கும் ஸ்பிரிங் என்ன செய்கிறது என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) இறுகிப்போய், ஷாக்கில் (அந்த ஆட்டத்தை அடக்கும் ஆயில் குழாய்) பாதி காற்று நிறைந்திருக்கும் வண்டியில் எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஒன்றுதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1:10 அளவு, பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் பக்கி. இந்த வகையின் அடிப்படை அமைப்பு 1984-ல் வந்த, டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10 பக்கி காலத்திலேயே கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது: நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஆர்ம், ஒவ்வொன்றுக்கும் ஆயில் ஷாக், சக்கரத்தின் சாய்வை (கேம்பர்) வைக்கும், நீளம் மாற்றக்கூடிய மேல்கம்பியான கேம்பர் லிங்க். 1:8 வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தேவையான அளவுகளை ஆங்காங்கே சொல்கிறேன். முறை இரண்டுக்கும் ஒன்றே.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. நம் பக்கி ஒரு மீட்டர் உயரம் குதிப்பது, அளவுக்கு அளவு பார்த்தால் நிஜக் கார் பத்து மீட்டர் குதித்ததற்குச் சமம். நிஜக் காரின் ஷாக் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத அடியை நம் சின்ன ஷாக் ஒவ்வொரு லேப்பிலும் வாங்குகிறது.

படி 1: உராய்வைத் துரத்துங்கள்

வண்டியை ஸ்டாண்டில் வைத்து, நான்கு ஷாக்கின் கீழ்முனையையும் ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். சக்கரத்தோடு ஆர்மைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். அப்புறம் சக்கரத்தையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் விழ வேண்டும். பாதியில் நின்றாலோ சோம்பலாக இறங்கினாலோ அங்கே ஏதோ இறுக்கம் இருக்கிறது.

முதலில் ஆர்ம் ஆடும் அச்சுக்கம்பியான ஹிஞ்ச் பின்னைச் சந்தேகப்படுங்கள். உருவி எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைந்திருப்பது உடனே தெரிந்துவிடும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவது வீண் வேலை, மாற்றிவிடுங்கள். பின் நேராக இருந்தும் இறுக்கம் போகவில்லை என்றால் ஆர்மின் துளையில் மண் இருக்கும், அல்லது புது பிளாஸ்டிக்கே இறுக்கமாக வந்திருக்கும். அளவான ரீமரை ஓரிரு சுற்று விட்டால் போதும். எண்ணெய் மட்டும் போடாதீர்கள். இன்று வழுக்கும், நாளை புழுதியைச் சேர்த்து அரைக்கும்.

அடுத்தது பால் கப், அதாவது லிங்க்கின் முனையில் பந்தைக் கவ்வும் பிளாஸ்டிக் கிண்ணம். டர்ன்பக்கிளை, அதாவது திருகி நீளம் மாற்றும் லிங்க் கம்பியை, பிடித்து ஆட்டினால் தளர்வாகச் சுழல வேண்டும். இறுக்கமாக இருந்தால், பந்தின் மேல் மாட்டியிருக்கும்போதே கப்பைப் பிளேயரால் பக்கவாட்டில் மெல்ல அமுக்கி விடுங்கள். அழுத்தமாக ஓர் அமுக்கு அமுக்கினால் கப் வாயைப் பிளந்துவிடும், ஜாக்கிரதை.

இந்தப் படியைத் தாண்டிப் போவதற்கு எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும்தான். ஒருமுறை என் வண்டி பிரேக் பிடிக்கும் போதெல்லாம் இடதுபக்கம் இழுத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன், டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) திருகினேன். கடைசியில் பின் ஷாக்குகளைப் பிரித்தால், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஷாக் எவ்வளவு நீளும் என்பதைக் கட்டுப்படுத்தும் வாஷரை நான்தான் ஒன்றில் இரண்டும் இன்னொன்றில் ஒன்றுமாகப் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் சக்கரம் முழுதாக இறங்கியது, மறுபக்கம் பாதியில் நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

படி 2: ஷாக்கைப் பிரித்துக் கட்டுதல்

ரெடிமேட் வண்டியாக இருந்தால் முதல் ஓட்டத்துக்கு முன்பே நான்கு ஷாக்கையும் பிரித்துவிடுவது என் பழக்கம். உள்ளே எந்த ஆயில், எவ்வளவு ஆயில் என்று தெரியாமல் செட்டப் பேசுவதில் பயனில்லை.

பழைய ஆயிலைக் கொட்டி, பாகங்களைத் துடையுங்கள். ஷாஃப்ட்டை, அதாவது பிஸ்டனைத் தாங்கும் கம்பியை, வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். கீறல் இருந்தால் எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் ஒழுகும். ஓ-ரிங்கைச் சிலிகான் கிரீஸில் நனைத்துப் போடுங்கள். ஷாஃப்ட்டின் கீழ்முனையில் வரும் பால் எண்டை முறுக்கும்போது ஷாஃப்ட்டை வெறும் பிளேயரால் பிடித்தால் அந்தக் கீறலை நீங்களே போட்டவர் ஆவீர்கள். ஒரு ரப்பர் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள்.

ஒவ்வொரு ஜோடியையும் கண்ணிலிருந்து கண்ணுக்கு, அதாவது மேல் துளைமையத்திலிருந்து கீழ்ப் பந்தின் மையம் வரை, வெர்னியரால் அளந்து சமப்படுத்துங்கள். இடம் வலம் இரண்டுக்கும் 0.2 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள்.

பிறகு ஆயில். ஷாஃப்ட்டைக் கீழே முழுதாக இழுத்து, விளிம்புவரை ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் ஆட்டுங்கள். குமிழ்கள் கிளம்பி வரும். பிஸ்டன் ஆயில் மட்டத்துக்கு மேலே வந்துவிடக் கூடாது, வந்தால் திரும்பக் காற்றை இழுத்துக்கொண்டு போகும். நிமிர்த்தி நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடத்தில் குமிழ் அடங்கும். மூடிக்குள் ரப்பர் சவ்வு உள்ள பிளாடர் வகையாக இருந்தால் பிளாடரைச் சாய்த்து வைத்து, மிச்ச ஆயில் வழிய விட்டு மூடியை முறுக்குங்கள். சவ்வு இல்லாத எமல்ஷன் வகை என்றால் மூடியிலுள்ள சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி, ஷாஃப்ட்டை மெதுவாக உள்ளே தள்ளி, மிகுதி வெளியேறியதும் ஸ்க்ரூவைப் போடுங்கள்.

கட்டி முடித்த ஜோடியை எப்படிச் சோதிப்பது? ஸ்பிரிங் மாட்டாமல், இரண்டு ஷாக்கின் கீழ்முனைகளையும் ஒன்றோடொன்று முட்டவைத்து இரு கையாலும் சமமாக அமுக்குங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் அதில் காற்று இருக்கிறது, அல்லது ஆயில் குறைவு. கையை விட்டதும் ஷாஃப்ட் திரும்பி வரும் அளவையும் பாருங்கள். எவ்வளவு வருகிறது என்பதைவிட, இடமும் வலமும் ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் முக்கியம்.

ஆயில் எண்ணும் பிஸ்டன் துளையும்

பாட்டிலில் ஆயிலின் கெட்டித்தன்மையை 30 வெயிட், 35 வெயிட் என்று போட்டிருக்கும். ஒரு பிராண்டின் 30-ம் இன்னொன்றின் 30-ம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்பிட வேண்டுமானால் பாகுத்தன்மையின் அலகான சென்டிஸ்டோக்ஸ் எண்ணைப் பாருங்கள். டீம் அசோசியேட்டட் அட்டவணையில் 25 வெயிட் என்பது 275, 30 என்பது 350, 35 என்பது 425, 40 என்பது 500. சஸ்பென்ஷன் புதிர்களில் பாதி இந்தப் பாட்டில் குழப்பத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம். ஒரே பிராண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் துளை இன்னும் சுவாரசியமான சங்கதி. 1.6 மி.மீ. துளை இரண்டு உள்ள பிஸ்டனை எடுத்துவிட்டு 1.7 மி.மீ. இரண்டு உள்ளதைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துளைகளின் பரப்பு 13 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஆயில் மெதுவாக நகரும்போது அதன் ஓட்டம் ஏறக்குறைய விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் 27 சதவீதம் இலகுவாகிறது. அதாவது 30 ஆயிலை எடுத்துவிட்டு 25 ஊற்றியதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத 0.1 மி.மீ. செய்யும் வேலை இது.

அப்படியானால் பெரிய துளையும் கெட்டி ஆயிலும் போடுவதும், சின்னத் துளையும் இளக்கமான ஆயிலும் போடுவதும் ஒன்றுதானா? மேசைமேல் அமுக்கிப் பார்த்தால் ஒன்றுதான். குதித்து இறங்கும்போதுதான் வேறுபடும். சின்னத் துளை வேகமான அடியில் ஆயிலை விடாமல் அடைத்துக்கொள்ளும், ஷாக் சட்டென்று கெட்டியாகிவிடும். இதைத்தான் பேக் என்கிறார்கள். பெரிய ஜம்ப் உள்ள டிராக்கில் இது வண்டியின் வயிறு தரையில் அடிபடாமல் காக்கும். ஜம்ப் இல்லாமல் சின்னச் சின்ன மேடுபள்ளமாக இருக்கும் இடத்தில் அதே பேக் சக்கரத்தைத் தரையிலிருந்து உதைத்துத் தள்ளும். அங்கே பெரிய துளையும் கெட்டி ஆயிலும்தான் சரி.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். சிலிகான் ஆயில் சூட்டில் மற்ற எண்ணெய்கள் அளவுக்கு இளகாது, ஆனாலும் இளகும். காலையில் 25 டிகிரியில் இருந்த ஷாக் மதிய வெயிலில் 45 டிகிரிக்குச் சூடேறினால் கெட்டித்தன்மை கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேயே குறையும். காலையில் 35 ஆக இருந்தது மதியம் 30-க்கும் கீழே நடந்துகொள்ளும். நம் ஊர்க் கோடையில் ஓட்டுபவர்கள் குளிர்நாட்டு ஓட்டுநர்களின் செட்டப் தாளை அப்படியே காப்பி அடித்து ஏமாறுவது இதனால்தான். ஐந்து வெயிட் கூட்டித் தொடங்குங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால்: மண் டிராக்கில் 1:10 பக்கிக்கு முன்னால் 35, பின்னால் 30, இரண்டு துளை 1.6 அல்லது 1.7 பிஸ்டன், கையேட்டில் சொன்ன நடுத்தர ஸ்பிரிங். ஸ்பிரிங் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு பிராண்டின் நீலம் இன்னொரு பிராண்டில் வேறு கதை.

படி 3: ரைடு ஹைட், ட்ரூப்

பேட்டரி, பாடி, டயர் எல்லாம் மாட்டிய நிலையில்தான் அளக்க வேண்டும். சமதளமான பலகையில் அரையடி உயரத்திலிருந்து வண்டியைப் போட்டு, அது தானாக நிற்கும் உயரத்தை சேஸிஸுக்கு அடியில் அளந்து பாருங்கள். கரடான மண்ணில் 1:10-க்கு 20 முதல் 24 மி.மீ., கார்ப்பெட் போன்ற வழவழப்பில் 16 முதல் 18. 1:8 வண்டிக்கு மண்ணில் 26 முதல் 30. ஷாக்கில் ஸ்பிரிங்கைத் தாங்கும் காலரைச் சுழற்றி உயரத்தைச் சரிசெய்யலாம். காலரை இறுக்குவதால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, வண்டி உயர்கிறது, அவ்வளவுதான்.

ட்ரூப் என்பது வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் இன்னும் எவ்வளவு கீழே தொங்க முடியும் என்பது. சேஸிஸின் பின்முனையைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். பின் டயர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். ஷாக்குக்குள் பிஸ்டனுக்குக் கீழே வாஷர் சேர்த்தால் ட்ரூப் குறையும். 1:8-ல் இதற்கென்றே ஆர்மில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். முன்பக்க ட்ரூப்பைக் குறைத்தால், ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போது மூக்கு மேலே எழாமல் ஸ்டியரிங் கூடும், பதிலுக்கு மேடுபள்ளத்தில் தடுமாறும். பின்பக்கம் கூட்டினால், பிரேக்கில் எடை தாராளமாக முன்னால் போய் மெதுவான வளைவுகளில் நன்றாகத் திரும்பும்.

படி 4: மேசைமேல் இரண்டு சோதனை

சேஸிஸின் நடுவில் கையை வைத்து அமுக்கி விடுங்கள். முன்னும் பின்னும் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே எழ வேண்டும். முன்பக்கம் முந்தி எழுந்தால் பின்னோடு ஒப்பிட முன் ஆயில் இளக்கம்.

அடுத்து ஓர் அடி உயரத்திலிருந்து நான்கு சக்கரமும் சமமாகத் தரையைத் தொடும்படி போடுங்கள். வயிறு தரையை லேசாக முத்தமிட்டு, ஒரே எழுச்சியில் பழைய உயரத்துக்கு வந்து நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஆயில் போதவில்லை. வயிறு படாமல் டயரே பந்து மாதிரி துள்ளினால் கெட்டி அதிகம்.

படி 5: கோணங்கள்

கேம்பரை நான்கு சக்கரத்துக்கும் மைனஸ் 1 டிகிரி, அதாவது சக்கரத்தின் மேல்விளிம்பு கொஞ்சம் உள்ளே சாய்ந்தபடி வையுங்கள். பின் டோ-இன் பெரும்பாலும் 3 டிகிரி, அதைத் தொடவே வேண்டாம். முன் டோ பூஜ்யம் அல்லது ஒரு டிகிரி வெளிப்பக்கம். இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் கேம்பர் லிங்க்கின் உள்முனை. அங்கே லிங்க்கைத் தாங்கும் பந்துத் திருகான பால் ஸ்டட்டுக்கு அடியில் 1 மி.மீ. வாஷர் ஒன்று சேர்த்தால் லிங்க் படுக்கைவாட்டுக்கு அருகே வரும். ரோல் சென்டர் (வண்டி பக்கவாட்டில் சாயும் அச்சுப் புள்ளி) கீழே இறங்கும், வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், வழுக்கும் மண்ணில் பிடிப்பு கூடும். வாஷரை எடுத்தால் சாய்வு குறையும், திருப்பியதும் வண்டி சுருக்கென்று திரும்பும். பிடிப்பு அதிகமான டிராக்கில் வளைவிலேயே வண்டி உருண்டு கவிழ்கிறது என்றால் எடுக்க வேண்டியதுதான். லிங்க்கை நீளமாக்கினால் சக்கரம் ஏறி இறங்கும்போது கேம்பர் குறைவாக மாறும், மேடுபள்ளத்தில் வண்டி நிதானமாக இருக்கும்.

ஷாக்கின் கீழ்முனையை ஆர்மில் எந்தத் துளையில் மாட்டுகிறீர்கள் என்பதும் சாதாரணமில்லை. ஹிஞ்ச் பின்னிலிருந்து 50 மி.மீ. தூரத்தில் இருந்ததை 54-க்கு நகர்த்தினால் சக்கரத்துக்குத் தெரியும் ஸ்பிரிங் பலம் 54-ஐ 50-ஆல் வகுத்து வரும் எண்ணின் வர்க்கம், அதாவது சுமார் 17 சதவீதம் கூடுகிறது. ஆயிலின் எதிர்ப்பான டேம்பிங்கும் அதே அளவு கூடும். காசில்லாமல் ஒரு புது ஸ்பிரிங். ஆனால் ரைடு ஹைட்டும் ட்ரூப்பும் மாறியிருக்கும், திரும்ப அளந்துவிடுங்கள். மேல்முனையை, அது மாட்டும் தட்டான டவரில், உள்பக்கம் சாய்த்தால் ஆரம்பத்தில் மென்மையாகவும் போகப்போகக் கெட்டியாகவும் இருக்கும்.

இடம் வலம் ஆர்ம்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் கம்பியை 0.1 மி.மீ. வித்தியாசத்தில் விற்கிறார்கள். இங்கும் நான்காம் அடுக்குதான். 1.2-லிருந்து 1.3-க்குப் போனால் கிட்டத்தட்ட 38 சதவீதம் கெட்டி. பிடிப்பு குறைவான மண்ணில் நான் பாரைக் கழற்றியே வைத்துவிடுவேன்.

படி 6: எங்கே வழுக்குகிறது?

நான் புதிதாக ஓட்டத் தொடங்கியபோது, “அண்ணா, வண்டி வழுக்குது, என்ன ஸ்பிரிங் போடட்டும்?” என்று ஒரு மூத்த ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவே இல்லை. “எங்க வழுக்குதுன்னு சொல்லு தம்பி. வளைவுக்குள்ள போறப்பவா, நடுவுலயா, வெளிய வர்றப்பவா?” எனக்குப் பதில் தெரியவில்லை. “போய் அஞ்சு லேப் ஓட்டிட்டு வந்து சொல்லு” என்று அனுப்பிவிட்டார். இன்றும் நான் செய்வது அதைத்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் டயர். பக்கத்தில் வேகமாகப் போகும் வண்டி என்ன டயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். டயர் தவறாக இருந்தால் கீழே சொல்லும் எதுவும் உதவாது.

வளைவுக்குள் நுழையும்போது திரும்ப மறுத்தால் முன் ஸ்பிரிங்கை ஒரு படி இளக்குங்கள், அல்லது முன் ரைடு ஹைட்டை 1 மி.மீ. இறக்குங்கள். நுழையும்போதே பின்பக்கம் சுழன்றால் பின் ட்ரூப்பைக் குறையுங்கள். வளைவின் நடுவில், பிரேக்கும் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரும் இல்லாமல் உருளும்போது வழுக்கினால், எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கக் கேம்பர் லிங்க்கின் உள்முனைக்கு ஒரு வாஷர்.

வெளியே வரும்போது பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போவதுதான் பின்சக்கர பக்கியின் தீராத வியாதி. முதலில் விரலைக் கவனியுங்கள், ஆக்ஸிலரேட்டரை நீங்கள் சுவிட்ச் மாதிரி அமுக்கிக்கொண்டிருக்கலாம். விரல் சரி என்றால் பின் ஸ்பிரிங்கை இளக்குங்கள், பின் ரைடு ஹைட்டை 1 மி.மீ. இறக்குங்கள். பிறகு ஆன்டி ஸ்குவாட். பின் ஆர்மின் ஹிஞ்ச் பின் முன்னால் உயர்ந்தும் பின்னால் தாழ்ந்தும் இருக்கும் கோணம் இது. கோணம் கூடினால் ஆக்ஸிலரேட்டரில் பின்பக்கம் அமுங்காது, வழவழப்பான தரையில் வண்டி சட்டென்று பாயும். மேடுபள்ளத்தில் அதே கோணம் சக்கரத்தைக் குதிக்க வைக்கும். எங்கள் செம்மண் திடலில் மழைக்குப் பிறகு தரை இறுகி வழவழவென்று இருக்கும்போது 2 டிகிரி, கோடையில் குழி விழுந்த பிறகு 1 டிகிரி என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஜம்ப்பில் மூக்கு குத்தினால், முதலில் காற்றில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், சக்கரம் சுழலும் வேகத்தில் மூக்கு எழும். அப்படியும் குத்தினால் ஜம்ப்பின் சரிவில் பின்பக்கம் உதைத்துத் தள்ளுகிறது என்று பொருள். பின் ஆயிலை ஒரு படி கெட்டியாக்கி, அது எழும் வேகத்தைக் குறையுங்கள்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். மாற்றும்போது துணிந்து மாற்றுங்கள். ஆயிலில் 2.5 வெயிட் மாற்றிவிட்டு வித்தியாசம் தெரிகிறது என்பவர்களை நான் நம்புவதில்லை. 5 மாற்றுங்கள், 10 கூட மாற்றிப் பாருங்கள். கெடுகிறது என்றாலும் எந்தத் திசையில் கெடுகிறது என்று தெரியுமே. ஐந்து லேப் ஓட்டிவிட்டு, பழையதைத் திரும்பப் போட்டு இன்னொரு ஐந்து லேப். பழையதில் அதே குறை திரும்பி வந்தால்தான் மாற்றம் உண்மை. வராவிட்டால் டிராக் மாறியிருக்கிறது, அல்லது உங்கள் கை சூடேறியிருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “ஞாயிறு மதியம், மேல்மண் புழுதி. முன் 40, பின் 35. உயரம் 22/22. பின் லிங்க் உள்ளே 2 வாஷர். இடது கொண்டை ஊசியில் வெளியே வரும்போது மட்டும் வழுக்கல். பின் உயரம் 21 ஆக்கினேன், போய்விட்டது.” அடுத்த மாதம் அதே புழுதி வந்தபோது ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷாஃப்ட்டில் ஒட்டிய மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சக்கரங்கள் தொங்கும்படி ஸ்டாண்டில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை ஷாக்கைத் திறக்கும்போது ஆயில் சாம்பல் நிறமாக இருந்தால் மாற்ற வேண்டிய நாள் போன வாரமே வந்துவிட்டது.